ஜீப்புக்குள் நுழையும் இரைச்சல்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் வீட்டில் எல்லோரும் உரத்துத்தான் பேசுவோம். புதிதாக வருகிறவர்கள், உள்ளே ஏதோ சண்டை நடக்கிறதென்று எண்ணி வாசலிலேயே தயங்கி நிற்பதுண்டு. சண்டை ஒன்றுமில்லை, அப்பாவுக்குக் காது மந்தம். அவர் 22 ஆண்டுகளாக ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் போடிநாயக்கனூரில் தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களில் கொண்டு சேர்ப்பதும், மாலையில் திரும்ப அழைத்து வருவதும் அவர் தொழில். (ஒரு நடைக்கு எத்தனை பேர் என்பதை இங்கே எழுதுவது உசிதமன்று.) தார்ச்சாலை தோட்டத்து வாயிலோடு முடிந்துவிடும். அதற்கப்பால் கல்லும் சேறுமான ஏற்றம். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பைத் தவிர வேறு வண்டி அங்கே ஏறாது.

இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த நாளில் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து, "சீட்டு கிடைச்சிருச்சுப்பா" என்றேன். "வீட்டுக்கு என்ன தாயி ஆச்சு?" என்று அவர் பதறிவிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தச் செய்தியை மூன்று முறை கத்திச் சொல்ல நேர்ந்தது. அன்று சிரித்தோம். பின்னர் ஒலியியல் பாடம் படிக்கையில்தான் அது சிரிக்க வேண்டிய செய்தியன்று எனத் தெரிந்தது.

உயிரெழுத்துகளின் ஒலியாற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் உள்ளது. ச, த, க, ப போன்ற வல்லின மெய்களை ஒன்றிலிருந்து மற்றொன்று பிரித்துக் காட்டும் கூறுகளோ 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியிலேயே மிகுதி. நெடுநாள் இரைச்சலில் இருந்தவர்களின் செவி முதலில் இழப்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. ஆகவே அப்பாவுக்கு 'ஈ' கேட்கிறது, அதன் முன்னுள்ள 'ச்' கேட்பதில்லை. சொல்லின் உடல் வந்து சேருகிறது, தலை வருவதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைக வாய்க்குள்ளயே பேசுதுக" என்று அவர் குறைபட்டுக்கொள்வதன் காரணமும் இதுவே. அரசு மருத்துவமனையில் எடுத்த செவித்திறன் வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே கிணற்றில் இறங்குவதைப்போல் இறங்கியிருந்தது. நத்தை வடிவான உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் உள்ளன. இறந்தவை மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சியிருப்பதைக் காப்பது ஒன்றே செய்யக்கூடியது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் பதினோராம் வளைவில் எதிரே இறங்கிய லாரியின் ஹார்ன் அப்பாவுக்குக் கேட்கவில்லை. முன்சீட்டில் இருந்த அம்மாள் ஒருவர் கையைப் பிடித்து உலுக்கியதால் பிழைத்தார்கள். பின்சக்கரம் தடுப்புக் கல்லை உரசி நின்றதாம். வீட்டில் அவர் இதைச் சொல்லவேயில்லை. அந்த அம்மாள்தான் வந்து சொன்னார். அந்த வாரமே ஜீப்பின் இரைச்சலை அடக்குவதென்று நான் முடிவு செய்தேன். அதில் கற்றதை நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

ஜீப்பின் பிறவிக் குணம்

ஜீப், அமைதியாகச் செல்வதற்கென்று பிறந்த வண்டியன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940, 1941ஆம் ஆண்டுகளில், அமெரிக்கப் படைக்காக அவசரமாக உருவாக்கப்பட்டது. கதவில்லை, கித்தான் கூரை, தட்டையான தகரப் பலகைகள். 1945இல் அது உழவர்களுக்கான வண்டியாகவும் விற்பனைக்கு வந்தது. 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டில் அதைப் பூட்டி விற்கலாயினர். பிற்காலத்தில் டீசல் என்ஜினும் தகரக் கூரையும் கதவுகளும் சேர்ந்தாலும் அடிப்படை உடல் அதே தட்டைத் தகரமே. தட்டையான மெல்லிய தகரம் மிக எளிதில் அதிரும். வளைவும் மடிப்பும் கொடுத்தால் விறைப்புக் கூடி அதிர்வு குறையும். கார்களின் தகட்டில் காணும் வளைவுகள் அழகுக்காக மட்டும் வந்தவையல்ல.

மேலும் டீசல் என்ஜினில் எரிபொருள், தீப்பொறியின்றி அழுத்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்வதால், உருளைக்குள் அழுத்தம் திடீரென்று எகிறுகிறது. சுத்தியலால் அடிப்பதற்கு ஒப்பான இந்த எகிறல்தான் 'டகடக' என்னும் ஓசை. அதன் ஆற்றலில் பெரும்பங்கு 1000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் உள்ளது. இதனுடன் என்ஜினின் உறுமல் வேறு. நான்கு உருளை, நான்கு வீச்சு என்ஜின் ஒரு சுற்றுக்கு இருமுறை வெடிக்கும். நிமிடத்திற்கு 2400 சுற்று எனில் நொடிக்கு 40 சுற்று, 80 வெடிப்பு. ஆகவே உறுமலின் அதிர்வெண் 80 ஹெர்ட்ஸ். டகடகப்பும் உறுமலும் ஒரே என்ஜினில் பிறந்தாலும் குணத்தில் வேறானவை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். இதை நான் மனத்திற்கொள்ளாததால் வந்ததே முதல் தோல்வி.

பஞ்சு ஒட்டிய கதை

ஒலியியல் நூல்களில் வரும் வாலஸ் சபைன் என்னும் அறிஞரின் கதை என்னை மிகவும் கவர்ந்திருந்தது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில், பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. பேசியது ஐந்து நொடிக்கும் மேலாகச் சுவருக்குச் சுவர் மோதி முழங்கிக்கொண்டிருந்தது. அப்போது 27 வயதினரான சபைன், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து மண்டபத்தில் அடுக்கி, ஆர்கன் குழலொன்றை ஊதவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைத் தம் காதாலேயே கேட்டு அளந்தார். தெரு அடங்கிய நள்ளிரவுக்குப் பிறகே வேலை. விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இந்த இரவுகளில் பிறந்ததுதான் முழக்க நேரத்திற்கான அவருடைய வாய்ப்பாடு.

மெத்தையால் மண்டபம் அடங்கியதென்றால் ஜீப் அடங்காதா? பழைய மெத்தையொன்றின் பஞ்சு நுரையை ஓர் அங்குலக் கனத்தில் அறுத்து, கூரையின் உட்புறத்திலும் கதவுகளிலும் பசை தடவி ஒட்டினேன். உயரம் எட்டாத இடங்களில் தம்பி ஒட்டினான். மறுநாள் அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தாயி" என்றார். என்னை வருத்தப்படுத்த விரும்பாதவர் சொல்லும் 'நல்லா இருக்கு' அது என்பது எனக்குத் தெரியும். கைப்பேசிச் செயலியில் அளந்தால் ஒரு டெசிபெல்கூடக் குறையவில்லை. அடுத்த வாரம் மழை பெய்தது. கதவு இடுக்கில் இறங்கிய நீரை நுரை குடித்து, பத்து நாளைக்கு ஈர நாய் நாற்றம் அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மலையேறினார்கள்.

என் தோல்வியைத் துறைப் பேராசிரியரிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒலி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்த்தாயா?" நான் பார்க்கவில்லை. சபைனின் மண்டபத்தில் ஒலி உள்ளேயே பிறந்து உள்ளேயே மோதிக்கொண்டிருந்தது. அங்கே தேவைப்பட்டது உறிஞ்சுதல். ஜீப்பிலோ ஒலி வெளியிலிருந்து வருகிறது. அதற்குத் தேவை தடுத்தல். காற்றுப் புகும் பஞ்சு எதையும் தடுப்பதில்லை. உறிஞ்சுதலுக்கும் ஓர் எல்லையுண்டு. திறம்பட உறிஞ்ச வேண்டுமானால் பொருளின் கனம் ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கை ஒட்டி இருக்க வேண்டும். 80 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 340ஐ 80ஆல் வகுக்கக் கிடைக்கும் 4.25 மீட்டர். அதில் கால்பங்கு ஒரு மீட்டருக்கும் மேல்! அவ்வளவு பஞ்சை வைத்தால் ஆள் உட்கார இடமேது? முட்டை அட்டைகளை ஒட்டினால் சத்தம் நிற்கும் என்பாரும் உளர். அவையும் இந்த வகையே. தெர்மோகோலோ உறிஞ்சவும் செய்யாது, கனமின்மையால் தடுக்கவும் செய்யாது. இரண்டும் எளிதில் தீப்பற்றும் என்பது மட்டும் உறுதி. நான் ஒட்டிய மெத்தை நுரையும் தீப்பற்றினால் நச்சுப் புகை கக்கும் இனம் எனப் பின்னரே அறிந்து அனைத்தையும் சுரண்டி எடுத்தேன். ஒட்டியதற்கு ஒரு நாள், சுரண்டியதற்கு மூன்று நாள்.

வழிகளை அடைத்தல்

இம்முறை பட்டறை மாமாவிடம் போனேன். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். வண்டியை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, ஒரு நீண்ட திருப்புளியின் முனையைச் சேசிஸில் வைத்து அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "பாப்பா, மொதல்ல மவுண்டிங் ரப்பரப் பாரு. அது செத்துப்போச்சுன்னா நீ தங்கத்த ஒட்டினாலும் சத்தம் அடங்காது" என்றார். என்ஜினைச் சேசிஸின்மேல் தாங்கும் ரப்பர்கள் கல்லாக இறுகி, ஒன்று பிளந்தும் இருந்தது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5000 மீட்டர் வேகத்தில் ஓடும். ரப்பர் இறுகிவிட்டால் என்ஜினின் அதிர்வு நேரே சேசிஸுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு தகரத்துக்கும் சென்று, வண்டி முழுவதும் ஒரு பெரிய தமுக்காகிவிடுகிறது. புது ரப்பர் போட்டவுடன், நின்ற நிலையில் வண்டி நடுங்குவது பாதிக்கு மேல் குறைந்தது. அதற்கான செலவே இம்முயற்சியில் மிகப் பயனுள்ள செலவு என்பேன்.

அடுத்து ஓட்டைகள். என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகரத் தடுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடையுள்ளது. நிறை விதி என ஒலியியலில் வழங்கும் கணக்குப்படி, இத்தகடு 100 ஹெர்ட்ஸில் 11 டெசிபெல்லும், 1000 ஹெர்ட்ஸில் 31 டெசிபெல்லும் தடுக்க வேண்டும். ஆனால் அத்தகட்டில் நூற்றில் ஒரு பங்கு பரப்பளவு திறந்திருந்தால், எஞ்சிய 99 பங்கும் கோட்டைச் சுவராகவே இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபெல்லைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபெல்தான். ஆகவே 31க்கு உரிய தகடு ஒரு சில ஓட்டைகளால் 20க்கும் கீழே போய்விடும்.

பகலெல்லாம் வண்டி தொழிலில் இருந்ததால் எங்கள் வேலையும் சபைனைப் போல இரவில்தான். ஓட்டைகளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. இருட்டில் பானெட்டுக்குள் டார்ச் விளக்கை எரியவிட்டு மூடிவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒளி வருமிடமெல்லாம் ஒலியும் வரும். டேஷ்போர்டுக்குக் கீழே விண்மீன் கூட்டம்போலத் தெரிந்தது! பெடல்கள் நுழையும் பிளவுகள், ஸ்டியரிங் தண்டைச் சுற்றிய இடைவெளி, கிழிந்துபோன கியர்க்கம்பி உறை, வயர்கள் செல்லும் துளைகள், எதற்காகப் போட்டதென்று எவருக்கும் தெரியாத மூன்று பெரிய துளைகள். எல்லாவற்றையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டர்த் தடுப்பில் அது சரியாக நூற்றில் ஒன்று. வேண்டாத துளைகளை எம்-சீல் கொண்டும், வயர்த் துளைகளை ரப்பர் வளையங்கள் கொண்டும் அடைத்தோம். பெடல்களுக்கு ரெக்சினில் உறை தைத்தோம். கியர்க்கம்பிக்குப் புது உறை, கதவுகளுக்குப் புது ரப்பர் பீடிங்.

தரையில் இருந்த இரண்டு துளைகளையும் நான் அடைக்கப் போனபோது அப்பா தடுத்துவிட்டார். "அது தண்ணி போறதுக்கு விட்ட ஓட்டை. அடைச்சா வண்டி தொட்டியாயிரும்" என்றார். ஓடையைக் கடக்கையில் உள்ளே வரும் நீர் வெளியேற வேறு வழியில்லை என்பது என் கணக்கில் வரவேயில்லை. தேவைப்படும்போது பிடுங்கிவிடத்தக்க ரப்பர் அடைப்பான்களை அங்கே போட்டோம்.

மூன்றாவது, தகரத்தின் அதிர்வு. ஒலிக்கும் வெண்கலக் கும்பாவை விரலால் தொட்டால் ஓசை உடனே அடங்குகிறது. விரலின் சதை அதிர்வாற்றலை வாங்கி வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதே வேலையைச் செய்யப் பியூட்டைல் ரப்பரின்மேல் அலுமினியத் தகடு ஒட்டிய ஷீட்டுகள் கார் உதிரிப்பொருள் கடைகளில் கிடைக்கின்றன. தகரம் வளையும்போது ரப்பரும் வளைகிறது. மேலே உள்ள அலுமினியம் நீள மறுப்பதால் நடுவிலுள்ள ரப்பர் இருபுறமும் இழுபட்டு நைகிறது. அந்த நைவில் ஆற்றல் வெப்பமாகிறது. ஒவ்வொரு தகரத்தையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்து, 'டங்' என்று ஒலிக்கும் இடத்தின் நடுவே மட்டும் ஒட்டினால் போதும். கால்பங்கு முதல் மூன்றில் ஒருபங்கு பரப்பே பெரும்பயன் தரும். ஒட்டியபின் 'டங்' என்பது 'தொப்' என்றாகும். விலை மலிவென்று கூரை ஓட்டுக்குப் போடும் தார் ஷீட்டை ஒட்டுவாருமுண்டு. வெயிலில் அது இளகி ஒழுகுவதையும் நாறுவதையும் பட்டறையில் கண்டேன்.

கடைசியாகக் கனமான தடுப்பு. தகரத்தையே இரட்டிப்புக் கனமாக்கினாலும் கூடுவது 6 டெசிபெல்தான். ஆனால் தகரத்தைத் தொடாமல், நடுவே மெத்தென்ற பொருளை வைத்து, அதன்மேல் இன்னொரு கனமான திரையைப் போட்டால் குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் பயன் பன்மடங்காகும். நாங்கள் தகரத்தின்மேல் 10 மில்லிமீட்டர் ஃபெல்ட்டும், அதன்மேல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள ரப்பர் விரிப்பும் போட்டோம். இவ்வடுக்குக்கு அந்த எல்லை அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 340 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்கு மேலுள்ள டகடகப்பு அடங்கும். கீழேயுள்ள 80 ஹெர்ட்ஸ் உறுமல் சற்றும் அடங்காது. அப்படியே நடந்தது. உறுமல் இன்றும் இருக்கிறது. ஆனால் மனிதச் செவி தாழ்ந்த அதிர்வெண்களை மிகக் குறைவாகவே உணர்கிறது. செவியின் உணர்வுக்கேற்ப எடை போடும் டெசிபெல் அளவையில் 80 ஹெர்ட்ஸுக்கு 22 டெசிபெல்லுக்கும் மேல் கழிவு உண்டு. காதைக் கெடுப்பதில் உறுமலைவிட டகடகப்பே பெரிய பகை என்பதால் நான் இதில் மனநிறைவு கொண்டேன்.

வெப்பமும் ஈரமும்

பழைய தரைவிரிப்பைத் தூக்கியபோது கீழே துரு. வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, இரண்டு நாள் காயவிட்டோம். இதைச் செய்யாமல் மேலே எதை ஒட்டினாலும் துருவுக்குப் போர்வை போர்த்துவதாகவே முடியும்.

ஒலிக்கென்று போட்ட அடுக்கு வெப்பத்துக்கும் ஓரளவு உதவுகிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் 0.026, நீருக்கு 0.6, இரும்புக்கு ஏறக்குறைய 50. ஃபெல்ட் வெப்பத்தைத் தடுப்பது தன் இழைகளால் அன்று. இழைகளுக்கிடையே அசையாமல் சிறைப்பட்ட காற்றினால். அக்காற்றின் இடத்தில் நீர் புகுந்தால் கடத்தல் இருபது மடங்குக்கும் மேல் பெருகும். அதனால் ஃபெல்ட்டின் ஓரங்களையெல்லாம் ரெக்சினால் மூடித் தைத்தோம். கியர்பாக்ஸின் மேலுள்ள தகரம் மலையேறி முடித்ததும் 58 டிகிரி செல்சியஸ் காட்டியது. அடுக்குப் போட்டபின் விரிப்பின் மேற்புறம் 43 டிகிரி. இடதுகால் வெந்துபோகிறதென்று முன்சீட்டில் உட்கார மறுத்தவர்கள் இப்போது மறுப்பதில்லை. சைலன்சர்க் குழாய் தரைக்கு அருகே செல்லுமிடத்தில் மட்டும், அடிப்புறத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு அலுமினியத் தகடொன்றைத் திருகினோம். பளபளப்பான அலுமினியம் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் திருப்பியனுப்பிவிடும். ஆனால் சூடான பொருளைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதே அலுமினியம் நல்ல கடத்தியாகிவிடும். இடைவெளி விட்டதன் காரணம் அதுவே. என்ஜின் இருக்கும் பக்கத்தில் ஃபெல்ட்டோ நுரையோ எதுவும் ஒட்டவில்லை. டீசலும் எண்ணெயும் தெறிக்குமிடத்தில் அவற்றைக் குடிக்கும் பொருளை வைப்பது திரி வைப்பதற்கு ஒப்பாகும்.

கூரையின் கதை வேறு. மார்கழி விடியலில் போடிமெட்டுக் குளிரில், உள்ளிருக்கும் அத்தனை பேரின் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டுப் பனியாகி, சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். தகரத்தின் வெப்பநிலை பனிநிலைக்குக் கீழே போவதே காரணம். கூரைக்கு ஃபெல்ட் போட்டால் நீராவி அதனூடே புகுந்து தகரத்தில் படிந்து, வெளியே தெரியாமல் துருவேற்றும். எனவே ஏ.சி. குழாய்களைச் சுற்றப் பயன்படும் மூடிய துளைகளுள்ள கருப்பு ரப்பர் நுரையை, இடைவெளி சற்றுமின்றித் தகரத்தோடு ஒட்டினோம். அதற்குள் காற்றும் போகாது, ஆவியும் போகாது. சொட்டு நின்றது. தேனிப் பக்கத்து வெயிலில் பகலில் நின்ற வண்டியின் கூரை உச்சந்தலையில் அனலை வீசுவதும் குறைந்தது.

கிடைத்த பயன்

மலையடிவாரத்துச் சமதளச் சாலையில், மூன்றாம் கியரில், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அதே கைப்பேசியை அப்பாவின் தோளருகே பிடித்து ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தேன். முதலில் 92 டெசிபெல். மவுண்டிங் ரப்பர் மாற்றியபின் 91. ஓட்டைகளை அடைத்தபின் 89. அதிர்வு ஷீட் ஒட்டியபின்னும் 89தான்; ஆனால் கதவுகளின் கடகடப்பு போய்விட்டது. ஃபெல்ட்டும் ரப்பரும் போட்டபின் 86. கைப்பேசி அளவுதிருத்தம் செய்யப்பட்ட கருவியன்று. எனவே இவ்வெண்களைக் காட்டிலும் இவற்றினிடையே உள்ள வேறுபாட்டையே நம்பலாம். மொத்த எடைக் கூடுதல் 26 கிலோ. செலவு 7,400 ரூபாய். உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது பாதி, அம்மாவின் சீட்டுப் பணம் பாதி.

வெறும் 6 டெசிபெல்தானே என்று நண்பர்கள் கேட்டனர். காதுக்குப் பாதியாகத் தோன்றவே 10 டெசிபெல் குறைய வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் 6 டெசிபெல் குறைவென்பது ஒலிச்செறிவு நான்கில் ஒரு பங்காவது. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல்லை எல்லையாக வைத்துள்ளன. அமெரிக்காவின் தொழில்நலத்துக்கான தேசிய நிறுவனம் 85ஐ எல்லையாகக் கொண்டு, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடுதலுக்கும் நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. அக்கணக்கில் 92 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் இருக்கலாம். 86இல் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாம். அப்பா நாள்தோறும் ஓட்டுவது நான்கு மணி நேரம். சொந்த ஜீப் ஓட்டுகிறவருக்குத் தொழிற்சாலை விதி பொருந்தாது. அவர் காதை எவரும் வந்து அளப்பதில்லை. இக்கணக்கை இருபது ஆண்டுக்கு முன்பே யாரேனும் போட்டுக் காட்டியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா என்றும் ஒருவர் கேட்டார். சாதாரணப் பஞ்சு மிகக் குறைவாகவே தடுக்கும். நுரையாலான செவியடைப்பான்கள் நன்கு தடுக்கும்; ஆனால் அவை ஹார்னையும் சேர்த்தே அடைக்கும். எங்கள் அடுக்கில் அந்தக் குறையில்லை. என்ஜின் இரைச்சல் வருவது முன்தடுப்பும் தரையும் வழியாக. ஹார்ன் வருவதோ திறந்த கண்ணாடி வழியாக. வளைவுகளில் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஹார்ன் குறையாமல் வரும். அதை மூழ்கடிக்கும் இரைச்சல் மட்டும் குறைந்திருக்கும். கண்ணாடியை இறக்கி அளந்தபோது 93 ஆக இருந்தது 89 ஆயிற்று. அந்த நான்கு டெசிபெல்தான் எனக்கு மற்ற எல்லாவற்றிலும் முக்கியம். எந்த வளைவிலும் கண்ணாடி இறங்கியிருக்க வேண்டும் என்று அப்பாவிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

வேலை முடிந்து நான்காம் நாள் மாலை அப்பா முகம் வாடி வந்தார். "கியர்பாக்ஸ்ல புதுசா ஒரு சத்தம் வருது தாயி. ஏதோ 'கொய்ங்'னு. நாம எதையாவது மாத்திப் பூட்டிட்டமா?" என்றார். எனக்குத் திக்கென்றது. பட்டறை மாமா ஏறி உட்கார்ந்து ஒரு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "புதுச் சத்தமா? பின்பக்க பேரிங் தேஞ்சு ரெண்டு வருசமா கத்திக்கிட்டுத்தானய்யா இருக்கு. இப்பத்தான் உமக்குக் கேட்டிருக்கு" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை பேரிங் மாற்றப் போகிறோம்.